ஐந்தாம் வளைவு

வீதிக் கொம்பனி விட்டுப்போன தார் முற்றம்,
மாங்குளத்துக்கு மேற்கே.
தார் காய்ச்சிய இடத்தில் இப்போது நாயுருவி.
வெள்ளைப் பெயின்ற் வாளி முப்பத்தொன்று வைத்து
ஏழு வளைவு போட்டோம்.
ஐந்தாம் வளைவுக்கு அப்பால் தார் முடிந்து கிரவல்,
கிரவல் முடிய நாகராசாவின் வயல்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.
கேதீசுக்கு நாலு சில்லும் இழுக்கும் நீலச் சுபாரு.
எனக்குப் பின்சில்லு இரண்டு மட்டும் தள்ளும்
சிவத்த மாஸ்டா, கூரை கிழிந்தது.

அவன் சொல்வான்:
வேலையை நாலு பேருக்குப் பிரித்துக் கொடு,
ஒருவனும் களைக்கமாட்டான்.
நான் சொல்வேன்:
முன்னுக்கு நிற்பவன் வழியைப் பார்க்கட்டும்,
பின்னுக்கு நிற்பவன் பாரத்தைப் பார்க்கட்டும்.
ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்தால்
இரண்டும் அரைகுறை.
இதையே சோறு போடும்போதும் சொல்வேன்,
அப்போது அவனுக்கு வேறு விதமாய் விளங்கும்.

நான் ஓடப் பழகியது உழவு மெசினில்.
அக்கராயன் சேற்றில் முன்சில்லு மிதக்கும்,
ஸ்டியரிங் வெறும் அலங்காரம்,
இடப்பக்கப் பிறேக்கை மட்டும் மிதித்துத்தான் திருப்பவேண்டும்.
பெரிய சில்லு என்ன நினைக்கிறது என்பது
இருக்கைத் தகரத்தால் ஏறி
முள்ளந்தண்டின் அடிக்கு வந்து சேரும்.
கண்ணுக்கு முன்னம் இடுப்புக்குத் தெரியும்.

மாஸ்டாவும் அப்படித்தான்.
நாலாம் வளைவின் நடுவில்
காலை ஒரு நெல்மணி எடுத்தால் மூக்கு உள்ளே வரும்,
இரண்டு நெல்மணி எடுத்தால் வால் வெளியே போகும்,
மூன்று எடுத்தால்
வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
மூன்றும் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சுபாருவையும் ஒருநாள் ஓடினேன்.
வளைவு முடிய முதலே அமத்தலாம்,
குந்தி, நாலு காலாலும் தாரைப் பிறாண்டி
கயிறு கட்டி இழுத்ததுபோல் வெளியே வந்தது.
பிழை விட்டேன், மன்னித்தது.
இன்னொரு பிழை, அதையும் மன்னித்தது.
மூன்றாவதுக்கு மட்டும்
எவ்வளவு ஒடித்தும் மூக்கு நேரே போனது,
கூப்பிடக் கூப்பிடத் திரும்பாத மாடு மாதிரி.

காய்ந்த தாரில் அவனுக்கு ஐம்பத்தெட்டு செக்கன்,
எனக்கு ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.
போனில் நேரம் பிடித்தது அவன் தங்கை சுலக்சனா.
அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கார்த்திகை மழை.
கிழிந்த கூரையால் மடி நிறையத் தண்ணீர்.
என் பின்சில்லு இரண்டும்
அக்சிலேட்டரைக் கண்டாலே கூத்தாடின.
இரண்டாம் கியரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தேன்:
அறுபத்தெட்டு.
அதில் ஒரு முழுச் சுழற்சி, ஒரு வாளி.

பிறகு அவன் போனான்,
ஒவ்வொரு வளைவிலிருந்தும் கவண் கல்லாய்.
அறுபதுக்குள் முடிப்பான் என்று சுலக்சனா கத்தினாள்.
கவணுக்கு எறியத்தான் தெரியும்.
ஓடுவதற்கு அவனிடம் நாலு, என்னிடம் இரண்டு,
நிற்பதற்கு அவனிடமும் நாலு, என்னிடமும் நாலு.
ஈரத் தார் ஆள் பார்க்காது.

ஐந்தாம் வளைவில் பிறேக் லைற் சிவந்தது.
முன்சில்லுகள் இடப்பக்கம் பார்த்தன.
கார் நேரே பார்த்தது.
மூன்று வாளி, கிரவல், வரம்பு,
பிறகு முளைத்து விரற்கடை உயர்ந்த நெல்.

நாலும் சுற்றின.
நாலும் புதைந்தன.
எவ்வளவு நியாயமாய்ப் பிரித்த வேலை என்று
வாய்வரை வந்தது, விழுங்கினேன்.
கதவு திறந்து ஒரு கை வெளியே வரும்வரை
எனக்கும் பிடி விட்டுத்தான் போயிருந்தது.

நாகராசா மெசினோடு வந்தார்.
நாற்பது வயது மெசின்,
முன்னுக்குச் சும்மா உருளும் இரண்டு சின்னச் சில்லு.
சங்கிலி கொழுவமுன் நீலக் காரை ஒருதரம் சுற்றி வந்து
"இதில நாலும் சுத்துமோ?" என்றார்.
"ஓம்" என்றான் கேதீஸ், முழங்கால்வரை சேறு.
"சோக்கு. நெல்லுக்கு எவ்வளவெண்டு பிறகு கதைப்பம்."

இழுத்தார். முன்சில்லு மிதந்தது.
இடப்பக்கப் பிறேக்கை மிதித்தார்,
மெசின் திரும்பியது.
நான் கேதீசைப் பார்த்தேன்.
அவன் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.